நம் அசோக் நகருக்கு ஒரு நடனக் குழுவை அழைப்போம்: முழுமையான வழிகாட்டி

நடனக் குழு ஒன்று மாலையில் வரும், ஒன்றரை மணி நேரம் ஆடும், வேனில் ஏறிப் போய்விடும். நாமும் கைதட்டிவிட்டு வீடு திரும்புவோம். அதே குழு பத்து நாள் நம் தெருவிலேயே தங்கி, காலையில் நம் வீட்டுப் பெரியவர்களோடும் மாலையில் நம் பிள்ளைகளோடும் பயிற்சி செய்து, கடைசி நாளில் அவர்களையும் சேர்த்துக்கொண்டு ஆடினால் எப்படி இருக்கும்? அதற்குப் பெயர்தான் சமூக ரெசிடென்சி.

பெரிய அமைப்புகளால் மட்டுமே முடிகிற காரியம் இது என்று பலர் தயங்குகிறார்கள். ஒரு குடியிருப்போர் நலச் சங்கமும் ஆர்வமுள்ள ஏழெட்டுப் பேரும் இருந்தால் போதும். எங்கே தொடங்குவது, எவ்வளவு ஆகும், எதில் கவனம் தேவை என்று ஒவ்வொரு படியாகச் சேர்ந்தே பார்ப்போம்.

என்ன இது?

முதலில் தற்கால நடனம். இது பரதநாட்டிய மார்க்கமும் அல்ல, சினிமாப் பாட்டுக்கு ஆடுவதும் அல்ல. இரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளும்; யோகா, களரி, சிலம்பம் ஆகியவற்றிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். நடப்பது, விழுவது, எழுவது, ஒருவர் எடையை இன்னொருவர் தாங்குவது எல்லாமே இதற்குக் கச்சாப்பொருள். அதனால்தான் அடவு தெரியாதவரும் முதல் நாளே இதில் இறங்க முடிகிறது.

அடுத்து ரெசிடென்சி. இதில் மூன்று வேலைகள் ஒன்றாக நடக்கும். குழு தன் சொந்தப் படைப்புக்கு ஒத்திகை பார்க்கும். பகுதி மக்களுக்குப் பட்டறை நடத்தும். இறுதியில் இரண்டும் சேர்ந்து நிகழ்ச்சியாகும்.

சென்னைக்கு இது புதிதா?

இல்லை. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை அருகே ‘ஸ்பேசஸ்’ என்ற இடத்தை உருவாக்கி, அங்கே இருந்து இந்திய நடனத்தின் போக்கையே திருப்பியவர் சந்திரலேகா. 1985-இல் வந்த அவருடைய ‘அங்கிகா’, பரதம், யோகா, களரி மூன்றையும் ஒரே மேடையில் நிறுத்தியது. 2006-இல் அவர் மறைந்தார். அவருடைய குழுவில் ஆடிய பத்மினி செட்டூர் பின்னர் தனிக் குழு அமைத்து, இன்று உலக அரங்குகளில் அறியப்படும் படைப்புகளைத் தந்திருக்கிறார். அவரும் ப்ரீத்தி ஆத்ரேயாவும் அங்கம் வகிக்கும் ‘பேஸ்மென்ட் 21’ கூட்டமைப்பு, ‘மார்ச் டான்ஸ்’ என்ற விழாவை இந்நகரில் நடத்தியிருக்கிறது. ப்ரீத்தி ஆத்ரேயாவின் ‘கண்டிஷன்ஸ் ஆஃப் கேரேஜ்’ முழுக்க முழுக்கக் குதித்தலை வைத்தே உருவானது.

நம் பக்கத்துக்கும் தனி வரலாறு உண்டு. ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை பிற்காலத்தில் விருகம்பாக்கத்தில் இயங்கியது. ‘பரீக்ஷா’ நாடகக் குழுவை நடத்திய ஞாநி, கே.கே. நகரில் தன் வீட்டுக் கிணற்றடியில் ‘கேணி’ கூட்டங்களை நடத்தினார். வடபழனி முழுக்க சினிமா நடனக் கலைஞர்கள். உடலால் பிழைப்பவர்களும் உடலைக் கலையாக்கியவர்களும் நமக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறார்கள்.

ஏன் பத்து நாள்?

ஒரு நாள் நிகழ்ச்சி பார்வையாளர்களைத் தரும். பத்து நாள் பழக்கம் பங்கேற்பாளர்களைத் தரும். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்வோம்: காசு குறைவாக இருந்தால் மேடையில் குறைப்போம், பட்டறை நாட்களில் குறைக்க வேண்டாம்.

உலக அனுபவமும் இதையே சொல்கிறது. பெர்லினில் 2003-இல் நடன இயக்குநர் ராய்ஸ்டன் மால்டூம், நடனமே கற்றிராத சுமார் 250 பள்ளிப் பிள்ளைகளைப் பல வாரம் பயிற்றுவித்து, பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் வாசிப்புக்கு ஆட வைத்தார். ‘ரிதம் இஸ் இட்’ என்ற ஆவணப்படம் அதைப் பதிவு செய்திருக்கிறது. ஜெர்மனியின் பினா பாவுஷ் 1978-இல் தன் குழுவுக்காக அமைத்த ‘கான்டாக்ட்ஹோஃப்’ படைப்பை, 2000-இல் வூப்பர்டால் நகரத்தில் 65 வயது தாண்டியவர்களைக் கொண்டும், 2008-இல் பதின்வயதினரைக் கொண்டும் மேடையேற்றினார். இரண்டு முறையும் ஆடியவர்கள் ஊர்க்காரர்கள்தான்.

நம் ஊரில் 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழா, மீனவர் தெருவிலேயே கர்நாடக இசையையும் பறையையும் கூத்தையும் ஒன்றாக வைத்தது. பின்னாளில் அது சென்னை கலைத் தெரு விழாவாக வளர்ந்தது. இடம் மாறினால் கலையைப் பார்க்கும் கண்ணும் மாறும் என்பதற்கு அது நல்ல சாட்சி.

படி 1: குழு சேர்ப்போம் (ஆகஸ்ட்)

ஏழு பேர் போதும். ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு: கணக்கு, இடம், அனுமதி, சாப்பாடும் தங்கலும், பதிவு, விளம்பரம், பாதுகாப்பு. சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால் அதையே பயன்படுத்துவோம். தனிநபர் கணக்கில் வசூல் வேண்டாம்.

எழுவரில் குறைந்தது மூவர் பெண்களாக இருக்கட்டும். அவென்யூக்களில் குடியிருப்பவர்கள் மட்டுமன்றி, வீட்டுவசதி வாரியக் குடியிருப்பிலிருந்தும் ஆண், பெண் ஹாஸ்டல்களிலிருந்தும் ஆட்கள் வரட்டும். குழுவில் யார் இருக்கிறார்களோ அவர்கள் பக்கத்து ஆட்கள்தான் பட்டறைக்கும் வருவார்கள்.

படி 2: நடனக் குழுவைத் தேர்ந்தெடுப்போம் (செப்டம்பர்)

புகழை மட்டும் பார்க்க வேண்டாம். மூன்று கேள்விகள் கேட்போம். பயிற்சி இல்லாதவர்களோடு வேலை செய்த அனுபவம் உண்டா? குழுவில் தமிழில் பயிற்சி தரக்கூடியவர்கள் இருவராவது உண்டா? மேடையும் விளக்கும் இல்லாத இடத்தில் ஆடுவீர்களா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் பேச்சைத் தொடரலாம்.

சென்னைக் குழு என்றால் பயணச் செலவு மிச்சம். வெளியூர் வேண்டுமென்றால் பெங்களூரில் ‘ஆட்டக்களரி’ போன்ற அமைப்புகள் 1990-களிலிருந்தே பயிற்சியும் படைப்புமாக இயங்கி வந்திருக்கின்றன. மேக்ஸ் முல்லர் பவன், அலையன்ஸ் பிரான்சேஸ் ஆகிய கலாசார மையங்களின் நிகழ்ச்சிகளுக்குப் போய்ப் பார்த்தால் பல குழுக்கள் அறிமுகமாகும். நிகழ்ச்சி முடிந்ததும் நேரில் போய்ப் பேசுங்கள். அழைப்பு ஒரு குடியிருப்புப் பகுதியிலிருந்து வருகிறது என்றாலே பல கலைஞர்களுக்கு ஆர்வம் வந்துவிடும்.

படி 3: இடம் பார்ப்போம் (அக்டோபர்)

இருபது பேர் கை கால் நீட்டிப் பயிற்சி செய்ய முப்பதுக்கு முப்பது அடி, அதாவது 900 சதுர அடி வேண்டும். நடுவில் தூண் இருந்தால் அந்த அளவு போதாது.

அளவைவிடத் தரை முக்கியம். சிமென்ட், கிரானைட், டைல்ஸ் எல்லாம் முழங்காலுக்கும் குதிகாலுக்கும் எதிரி. மரத் தரை கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் கராத்தே, ஜூடோ பள்ளிகளில் போடும் ரப்பர் பாயை வாடகைக்கு எடுப்போம். அதுவும் இல்லாத இடத்தில் குதிக்கும் பயிற்சிகள் வேண்டாம் என்று குழுவிடம் முன்பே சொல்லிவிடுவோம். மொட்டை மாடியில் மெதுவான பயிற்சிகள் மட்டும். கைப்பிடிச் சுவர் மார்பளவாவது இருக்க வேண்டும்.

கல்யாண மண்டபத்தைப் பற்றி ஒரு விஷயம். மார்கழியில் முகூர்த்தம் இல்லை, அதனால் வாடகையில் பேரம் பேசலாம். தை பிறந்தால் மண்டபம் கிடைப்பதே கஷ்டம். நாம் நடத்தப்போவது தை மாதத்தில் (படி 4 பார்க்க); ஆகவே பள்ளியின் கூடம், சங்கக் கட்டடம், யோகா மையம் ஆகியவற்றை முதலில் கேட்போம்.

இடம் பார்ப்பதை அக்டோபரில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம் அது. எந்தக் கூரை ஒழுகுகிறது, எந்த வாசலில் தண்ணீர் நிற்கிறது என்பதை மழையே காட்டிக் கொடுத்துவிடும். நடன இயக்குநரையும் ஒரு நாள் அழைத்து வந்து காட்டுவோம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் குதிகாலால் இரண்டு முறை தட்டி, படுத்து ஒரு முறை உருண்டு பார்ப்பார். அந்த ஒரு நிமிடத்தில் பாதி முடிவு ஆகிவிடும்.

படி 4: எப்போது நடத்துவது?

பொங்கல் விடுமுறை முடிந்த பிறகு தொடங்கும் பத்து நாட்கள் நமக்குத் தோது. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, பொதுத் தேர்வுக் காய்ச்சலும் உச்சத்துக்குப் போயிருக்காது. இறுதி நிகழ்ச்சியைக் குடியரசு தினத்தில் வைக்க வேண்டாம். அன்று காவல் துறைக்கு வேலை அதிகம். அதை ஒட்டிய ஞாயிறு மாலை பொருத்தம்.

படி 5: எவ்வளவு ஆகும்? (நவம்பர்)

ஐந்து கலைஞர்கள், பத்து வேலை நாள், பன்னிரண்டு நாள் தங்கல் என்று ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டத்தான். நீங்கள் வாங்கும் கொட்டேஷனை வைத்து நிரப்பிக்கொள்ளுங்கள்.

- கலைஞர் ஊதியம்: 5 பேர் × 10 நாள் × ரூ. 3,000 = ரூ. 1,50,000
- தங்குமிடம்: 3 அறை × 12 இரவு × ரூ. 1,500 = ரூ. 54,000
- சாப்பாடு: 5 பேர் × 12 நாள் × ரூ. 500 = ரூ. 30,000
- பயிற்சிக் கூடம்: 10 நாள் × ரூ. 3,000 = ரூ. 30,000
- ஒலி, ஒளி: 2 நாள் (இறுதி ஒத்திகை, நிகழ்ச்சி) × ரூ. 20,000 = ரூ. 40,000
- நாற்காலி, ஜமக்காளம், குடிநீர், டீ: ரூ. 15,000
- உள்ளூர்ப் பயணம், அச்சு, முதலுதவி: ரூ. 16,000

மொத்தம் ரூ. 3,35,000. எதிர்பாராச் செலவுக்கு 10 சதவீதம் சேர்த்தால் ரூ. 3,68,500.

இப்போது நம் கையில் இருப்பதைப் பார்ப்போம். காலியாக இருக்கும் ஒரு போர்ஷனை யாராவது பத்துப் பன்னிரண்டு நாள் கொடுத்தால் தங்குமிடச் செலவு போயிற்று. வீட்டுக்கு ஒரு வேளை என்று முறை வைத்தால் சாப்பாட்டுச் செலவும் போயிற்று. பள்ளி நிர்வாகம் கூடத்தை இலவசமாகத் தந்தால் இன்னும் முப்பதாயிரம் மிச்சம். மூன்றும் கூடினால் கணக்கு ரூ. 2,21,000-க்கு இறங்கும், எதிர்பாராச் செலவோடு ரூ. 2,43,100. வீட்டுக்கு ரூ. 2,000 என்று 120 வீடுகள் கொடுத்தால் ரூ. 2,40,000, கிட்டத்தட்ட அந்தத் தொகை. நடக்கிற காரியம்தான்.

ஒன்றில் மட்டும் கை வைக்க வேண்டாம்: கலைஞர் ஊதியம். ‘நல்ல காரியம்தானே, கொஞ்சம் குறைச்சுக்கோங்க’ என்று கேட்பது நம் வழக்கம். ஒலிபெருக்கிக்காரரிடம் அப்படிச் சொல்லிப் பாதி விலைக்கு வாங்க முடியாதபோது, ஆடுகிறவரிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

பட்டறைக்குக் கட்டணம் வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் கட்ட முடியாதவர் கேள்வி கேட்கப்படாமல் உள்ளே வரும் ஏற்பாடு வேண்டும். உண்டியல் முறை நல்லது.

படி 6: அனுமதி வாங்குவோம் (டிசம்பர்)

முன்பெல்லாம் நாடகம் போடப் பிரதியைக் காவல் துறையிடம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. அதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தவர் நம் கே.கே. நகர் ஞாநிதான். 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. அந்த உரிமையின் பலனை நாம் இன்று அனுபவிக்கிறோம்.

ஆனாலும் பொது இடத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் அனுமதி வேண்டும். பூங்காவோ திடலோ என்றால் மாநகராட்சி மண்டல அலுவலகம். கூட்டத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் காவல் நிலையம். ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்து, ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொள்வோம். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகல் நேர ஒலி வரம்பு 55 டெசிபல். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலமாக இருக்கலாம், முன்பே விசாரிப்போம்.

படி 7: ஆட்களைச் சேர்ப்போம்

போஸ்டரைவிட நேர்ப் பேச்சு பலன் தரும். காலை நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள், பள்ளி வாசலில் காத்திருக்கும் தாய்மார்கள், ஹாஸ்டல் காப்பாளர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், உதவி இயக்குநர் கனவோடு நம் பக்கம் தங்கியிருக்கும் இளைஞர்கள் என ஒவ்வொரு வட்டத்துக்கும் ஓர் ஆளைத் தூது அனுப்புவோம்.

‘நடனம்’ என்றதும் பின்வாங்குகிறவர்கள் அதிகம். ‘ஒரு மணி நேரம் வந்து பாருங்க, பிடிக்கலேன்னா போயிடலாம்’ என்று சொல்லுங்கள். என்ன உடை என்று கேட்பார்கள். சுடிதார், டிராக் பேன்ட், வேட்டி, புடவை எதுவும் சரி. கொலுசும் மோதிரமும் மட்டும் கழற்றிவிட்டு வரட்டும்.

படி 8: பத்து நாள் எப்படிப் போகும்?

தினசரி மூன்று பட்டறைக்கு மேல் வேண்டாம், கலைஞர்கள் களைத்துவிடுவார்கள்.

- காலை 6.30 – 7.30: மூத்தோர்
- காலை 10 – 12.30: குழுவின் சொந்த ஒத்திகை (யாரும் வந்து அமர்ந்து பார்க்கலாம்)
- மாலை 4.30 – 6: பள்ளிப் பிள்ளைகள்
- இரவு 7 – 8.30: வேலைக்குப் போகிறவர்கள்

வீட்டு வேலை செய்யும் பெண்களுக்குப் பிற்பகல் 2.30-தான் ஒழியும். அவர்களுக்காக வாரத்தில் மூன்று நாள் அந்த நேரத்தில் பட்டறை வைத்து, அந்நாட்களில் இரவு வகுப்பை விட்டுவிடுவோம்.

முதல் நாள் பெரும்பாலும் இப்படி இருக்கும். இருபது பேரும் சுவரோரம் ஒட்டி நிற்பார்கள். பயிற்சியாளர் ‘நடங்க’ என்பார், அவ்வளவுதான். கூடம் முழுக்க நடக்க வேண்டும், யார் மேலும் இடிக்காமல், வட்டமாகச் சுற்றாமல். பிறகு, ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். யார் முதலில் நிற்பது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு நிமிடம் குழப்பம். அப்புறம் முழங்கால் வலிக்காரப் பாட்டி ஒருவர் மூச்சு வாங்க நிற்பார்; அறையே சட்டென்று நின்றுவிடும். இருபது பேரை அசையாமல் நிறுத்தியது அவருடைய உடல் என்பது அவருக்குப் புரியும்போது முகத்தில் வரும் வெளிச்சம் இருக்கிறதே, அதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

மூன்றாம் நாள் சிலர் நின்றுவிடுவார்கள், அது இயல்பு. ஐந்தாம் நாள் சின்ன வெள்ளோட்டம் ஒன்றை வைப்போம்: ஒரு மொட்டை மாடியிலோ தெருமுனையிலோ இருபது நிமிட நிகழ்ச்சி, மைக் இல்லாமல். அதைப் பார்த்துப் புதியவர்கள் சேர்வார்கள். ஏழாம் நாளுக்குப் பிறகு புதியவர் வேண்டாம். இறுதி ஒத்திகை கெடும்.

படி 9: இறுதி நிகழ்ச்சி

ஒரு மணி நேரத்துக்குள் முடிப்போம். நம் பகுதி மக்கள் இருபது நிமிடம் முதலில் ஆடட்டும், அடுத்து குழுவின் படைப்பு முப்பது நிமிடம். மக்களைக் கடைசியில் போட்டால் சொந்தக்காரர்கள் அதுவரை செல்போனில் இருப்பார்கள். முன்வரிசையில் ஜமக்காளம் விரித்துக் குழந்தைகளை உட்கார வைப்போம், நாற்காலிகள் பின்னால். மூத்தோருக்கும் சக்கர நாற்காலிக்கும் பக்கவாட்டில் தனி இடம்.

பொன்னாடை, வரவேற்புரை, நன்றியுரை மூன்றும் சேர்ந்து பத்து நிமிடம்தான். ஆடத் தயாராக உடலைச் சூடேற்றி நிற்பவர்களை முக்கால் மணி நேரம் காக்க வைத்தால் தசை பிடித்துக்கொள்ளும். நிகழ்ச்சி முடிந்ததும் பார்வையாளர்களோடு ஒரு கால் மணி நேரம் உரையாடல். ‘என்ன புரிந்தது?’ என்று கேட்காமல், ‘எந்த அசைவு ஞாபகம் இருக்கிறது?’ என்று கேட்டால் எல்லோரும் பேசுவார்கள்.

கவனம் தேவைப்படும் இடங்கள்

*பிள்ளைகள் பாதுகாப்பு.* பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல் கட்டாயம். எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு தனி அறையில் இருக்கக் கூடாது. தொட்டுச் சொல்லித் தரும் பயிற்சி என்றால் முதலில் கேட்டு, சம்மதம் பெற்றுத்தான். போக்சோ சட்டம் பற்றியும் 1098 உதவி எண் பற்றியும் எல்லாத் தன்னார்வலர்களுக்கும் முதல் நாளே சொல்லிவிடுவோம்.

*படமெடுத்தல்.* பட்டறையில் செல்போன் வேண்டாம். ஆடும்போது தப்புச் செய்து பார்க்கத் துணிகிற இடம் பட்டறை. கேமரா வந்தால் துணிச்சல் போய்விடும். அதிகாரபூர்வப் புகைப்படக்காரர் ஒருவர், அதுவும் சம்மதித்தவர்களை மட்டும்.

*உடல்நலம்.* இதய நோய், மூட்டு அறுவை, கர்ப்பம் ஆகியவற்றைப் பதிவுப் படிவத்திலேயே கேட்போம். ஐஸ் பை, கட்டுத்துணி, குடிநீர் கையருகில். அருகிலுள்ள மருத்துவமனையின் எண் சுவரில்.

*இசை உரிமை.* பதிவு செய்த பாட்டைப் பொது நிகழ்ச்சியில் போட ஐபிஆர்எஸ் போன்ற அமைப்புகளின் உரிமம் தேவைப்படலாம். உள்ளூர்ப் பறைக் கலைஞரையோ மிருதங்கம் வாசிப்பவரையோ நேரில் அழைத்தால் இந்தச் சிக்கலும் குறையும், நிகழ்ச்சிக்கு உயிரும் வரும்.

*வரி.* நடன நிகழ்ச்சிக்கு ஒருவருக்கு ரூ. 500 வரையிலான நுழைவுக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஆனால் கலைஞர் ஊதியத்தில் ரூ. 1,50,000 வரை தரப்படும் விலக்கு நாட்டுப்புற, செவ்வியல் கலைகளுக்கானது. தற்கால நடனம் அதில் வராது. குழு ஜிஎஸ்டி பதிவு பெற்றதா என்று முன்பே கேட்டு, கொட்டேஷனில் வரியைத் தனியே காட்டச் சொல்வோம். வருமான வரிப் பிடித்தத்தை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வோம்.

*வெளிநாட்டுப் பணம்.* வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏ-வின் கீழ் பதிவு இல்லாத சங்கம் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது. வெளிநாட்டில் குடியுரிமை பெற்றுவிட்ட பழைய அண்டை வீட்டார் அன்போடு அனுப்பினாலும் முதலில் ஆடிட்டர், பிறகுதான் வரவு.

*ஒப்பந்தம்.* ஊதியம், தவணை, வேலை நேரம், ரத்தானால் என்ன செய்வது, படங்களின் உரிமை ஆகிய ஐந்தும் இரண்டு பக்கத்தில் எழுதி இருதரப்பும் கையெழுத்திடுவோம். பாதி முன்பணம், மீதி இறுதி நிகழ்ச்சியன்றே.

முடிந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் கணக்கைச் சங்கக் கூட்டத்தில் படித்துவிடுவோம். அடுத்த ஆண்டு வசூலுக்கு அதைவிட நல்ல விளம்பரம் இல்லை.

பட்டறைக்கு வந்தவர்களில் சிலர் தொடர விரும்புவார்கள். அதே கூடத்தில் ஞாயிறு காலை ஒரு மணி நேரம் அவர்களாகவே கூடட்டும். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் பயிற்சியாளர் மீண்டும் வர ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்திருந்தால் அந்தக் கூடுகை தளராது.

இந்த வாரம் என்ன செய்யலாம்?

மூன்றே வேலைகள். ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நம் சங்கக் கூடத்தையும் பக்கத்துப் பள்ளிக் கூடத்தையும் அளந்து குறித்துக்கொள்வோம். நகரில் நடக்கும் ஏதாவது ஒரு தற்கால நடன நிகழ்ச்சிக்கு மூன்று பேராகப் போய்ப் பார்ப்போம். அடுத்த சங்கக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் ‘நடன ரெசிடென்சி’ என்று ஒரு வரி சேர்ப்போம். ஏழு பேர் கை உயர்த்தினால் படி 1 அன்றே முடிந்துவிடும்.